எட்டுக்கும் பத்துக்கும் நடுவில்

மிளகு மூடைகளை எண்ணிக்கொண்டு வந்த லொறிக்காரர் ஒன்பது என்று சொல்லவில்லை. அதை ஷியாமளா கண்ணால் பார்த்தாள்.

காலை எட்டரை மணி. மாத்தளை டவுனுக்குச் சற்று வெளியே, வாசனைச் சரக்கைக் காயவைத்துப் பொதி கட்டி அனுப்பும் ஒரு கம்பனியின் ஸ்டோர். தகரக் கூரையில் வெயில் ஏறத் தொடங்கியிருந்தது. கராம்பு ஒரு பக்கம், மிளகு ஒரு பக்கம், சாதிக்காய் ஒரு பக்கம் என்று ஒவ்வொரு மணமும் தன் மூலையை விட்டு நகராமல் கனத்து நிற்கும் நேரம் அது. லொறிக்காரர் வழக்கம்போலச் சிங்களத்தில், மூடையைத் தட்டித் தட்டி எண்ணினார். எக, தெக, துன, ஹதர. ஸ்டோர்க் கணக்கு எழுதும் ஷியாமளா பேனையோடு பக்கத்தில் நின்றாள். எட்டாவது மூடையைத் தட்டி "அட்ட" என்றதும் அவருக்கு மிளகுத் தூசி ஏறிவிட்டது. துவாயால் வாயைப் பொத்தி இருமிக்கொண்டே ஒன்பதாவதைத் தட்டினார். பத்தாவதைத் தட்டும்போதுதான் துவாயை எடுத்தார். "தஹய."

ஆனால் எட்டுக்கும் பத்துக்கும் நடுவில் ஒரு குரல் கேட்டது. மூடை அடுக்குகளுக்குப் பின்னாலிருந்து, மெல்லிய பெண் குரல். முடிவில் கொஞ்சம் மேலே தூக்கி, யாரிடமோ எதையோ கேட்பது மாதிரி.

"ஒன்பதை நீங்களா சொன்னீங்க?"

"சொன்னேன்தானே, மிஸ்." அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். "காதுல கேட்டுச்சே."

லொறி போன பிறகு அவள் அடுக்குகளுக்குப் பின்னால் போய்ப் பார்த்தாள். யாரும் இல்லை. ஆனால் அந்த மூலையில் மிளகு மணக்கவில்லை. அழுகிய இலையும் பாசியும் நனைந்த மண்ணும் மணத்தன. சீமெந்துத் தரையில், கைவிரல் நீளத்துக்கு, ஒரு அட்டை நிமிர்ந்து நின்று ஆடிக்கொண்டிருந்தது. மழை பெய்து ஒரு மாதமாகிறது. மிளகுத் தூசி படிந்த தரையில் அட்டை ஒரு நிமிடம்கூட உயிரோடு இருக்காது. அது அவள் பக்கம் தலையைத் திருப்பியது.

பயம் வந்தது. பயத்துக்கு மேலே கோபம் வந்தது. மூன்று மாதமாக அவளுக்கு எல்லாவற்றுக்கும் மேலே கோபம்தான் வந்துகொண்டிருந்தது.

பத்து மணிக்குக் கூட்டம். மாடி ஹோலில் பெரிய பேனர் கட்டியாயிற்று. 'மலை எங்களுக்குத் தந்த ஏழு பாடங்கள்.' கீழே முகாமையாளர் யோகேந்திரனின் படம், கையைக் கட்டிக்கொண்டு, பின்னால் பனிமூட்டம். பாடமாம், பாடம்! இதே ஏழையும் போன கிழமை பேஸ்புக்கில் போட்டு, உலகமே வந்து கைதட்டிவிட்டுப் போனது. மூன்றாவது பாடத்தை ஷியாமளா மனப்பாடமாகச் சொல்வாள். 'வரிசையை விட்டு விலகுகிறவர் தன்னை மட்டும் அல்ல, முழு அணியையும் ஆபத்தில் தள்ளுகிறார்.' பெயர் போடவில்லை. பெயர் எதற்கு? மலைக்குப் பத்துப் பேர் போனார்கள், ஒன்பது பேர் வந்தார்கள். வராதவள் ஜெஸ்லா.

ஜெஸ்லாவுக்கு இருபத்து மூன்று வயது. உக்குவளையிலிருந்து பஸ்ஸில் வந்து பொதிகளுக்கு லேபல் ஒட்டுகிற பிள்ளை. யார் மாதிரியும் பேசிக் காட்டுவாள். யோகேந்திரன் சேர் மாதிரி, லொறிக்காரர் மாதிரி, கன்டீன் அக்கா மாதிரி. அவள் வாயைத் திறந்தால் ஸ்டோர் முழுக்கச் சிரிக்கும். இராணுவமும் பொலிசும் ஊர்ச்சனமும் ஒன்பது நாள் தேடினார்கள். கிடைத்தது ஒரு துண்டு சவர்க்காரம் மட்டும். அட்டை கடிக்காமல் இருக்கக் காலில் தேய்க்க அவள் கொண்டுபோனது. அதில் அவளுடைய விரல் தடம் பதிந்து இருந்தது.

ஷியாமளா நேரே யோகேந்திரனின் அறைக்குப் போனாள்.

"சேர், மூணாவது பாடத்தை எடுத்துடுங்க."

அவர் கண்ணாடியில் கழுத்துப்பட்டியைச் சரிசெய்துகொண்டிருந்தார். "ஏன்?"

"அவ விலகல. நம்மதான் விட்டுட்டு வந்தோம்."

"எண்ணினோமா இல்லையா?"

"எண்ணினோம்."

"பத்து வந்துச்சா இல்லையா?"

"வந்துச்சு."

"அதைத்தான் நீ பொலிசுக்கும் சொன்ன. கையெழுத்தும் வச்சிருக்க." திரும்பினார். சிரித்த முகம். "வேற என்ன?"

"இன்னைக்கு எழும்பிச் சொல்லப் போறேன். எண்ணிக்கை சரி, ஆள் சரியில்லைன்னு. மலையில கேட்ட அந்தக் குரலைப் பத்தியும் சொல்லப் போறேன்."

"சொல்லு, சொல்லு. கேட்டுட்டு உன்னை நேரா அங்கொடைப் பைத்திய ஆஸ்பத்திரிக்கு வேன் பிடிச்சு அனுப்புவாங்க." மேசையிலிருந்த கண்ணாடிக் கேடயத்தைத் துணியால் துடைத்தார். "ஜெஸ்லாவோட உம்மாவும் வாறாங்க. மேடையில வச்சு இதைக் குடுக்கப் போறோம். அவங்க முன்னால அசிங்கம் பண்ணாத."

ஷியாமளா அந்தக் கேடயத்தைப் பார்த்தாள். மகளைக் குளிப்பாட்டி, கபனிட்டு, தொழுவித்து அடக்கக் கிடைக்காத ஒரு தாய்க்கு, ஒரு கண்ணாடித் துண்டு.

அந்தத் தாய், மஸூதா உம்மா, ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் கேற்றடிக்கு வருவார். யாரையும் ஏச மாட்டார். ஷியாமளாவின் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்றை மட்டும் கேட்பார். "எண்ட புள்ள சொல்லுக் கேக்காதவளா, மகள்? நீங்க கூட இருந்தீங்க. நீங்க சொல்லுங்க."

பன்னிரண்டு வெள்ளிக்கிழமை. ஒன்றிலும் ஷியாமளா உண்மையைச் சொல்லவில்லை. அவள் பொல்லாதவள் அல்ல. சொன்னால் தன் பங்கையும் சொல்ல வேண்டிவரும் என்று பயந்தாள். அவ்வளவுதான்.

நடந்தது இது.

கம்பனி ஆட்களுக்கு ஒற்றுமை வளர்க்கிற பயணம் என்று யோகேந்திரன்தான் ஏற்பாடு செய்தார். வேன் ரத்தோட்டை தாண்டி, ரிவஸ்டன் கணவாயின் காற்றைத் தாண்டி, லக்கல பக்கத்துக் காட்டு வாசலில் இறக்கிவிட்டது. வழிகாட்ட அந்த ஊர் ஆள் ஒருவர் வந்தார். வெற்றிலை போட்ட வாய், கையில் காட்டுக்கத்தி. உள்ளே போகுமுன் சிங்களத்தில் ஏதோ சொன்னார். ஷியாமளாதான் மற்றவர்களுக்குத் தமிழில் சொன்னாள்.

"உள்ளே யாரும் யாரையும் பேர் சொல்லிக் கூப்பிடக் கூடாதாம். கூப்பிடணும்னா ஹூன்னு சத்தம் போடணுமாம். ஆள் பார்க்கணும்னா நம்பரால எண்ணணுமாம். ஏதாவது வந்து பேர் கேட்டாலும் குடுக்கக் கூடாதாம்."

"ஏதாவதுன்னா? யானையா?" என்றான் பிரதீஷ். கணக்குப் பிரிவுப் பையன், பயந்த சுபாவம்.

"யானைக்கு உன் பேரு என்னத்துக்கு?" என்றாள் ஜெஸ்லா. எல்லாரும் சிரித்தார்கள்.

நம்பர் கொடுத்தார்கள். வழிகாட்டிக்கும் விளங்கட்டும் என்று சிங்களத்தில். யோகேந்திரன் ஒன்று. ஷியாமளா எட்டு. சிங்களத்தில் அட்ட. அதற்கும் ஜெஸ்லா விடவில்லை. "அட்டை வருது, அட்டை வருது, சவர்க்காரம் எடுங்கோ!" ஜெஸ்லா ஒன்பது. பிரதீஷ் பத்து. எண்ணி எண்ணி ஏறினார்கள். நன்றாகத்தான் இருந்தது.

இறங்கும்போது மூட்டம் வந்தது. மேலிருந்து வரவில்லை. பள்ளத்திலிருந்து ஏறி வந்தது, அடுப்பில் வைத்த பால் பொங்கி வருகிற மாதிரி, சத்தம் இல்லாமல். முன்னால் போகிறவரின் முதுகுகூடத் தெரியவில்லை. வழிகாட்டி இல்லை, சாப்பாட்டைத் தயார் பண்ணச் சொல்லி யோகேந்திரன் அவரை முன்னமே கீழே அனுப்பியிருந்தார். நான்கு மணிக்குள் வேனில் ஏற வேண்டுமாம். "நில்லுங்க, எண்ணுங்க!" என்று முன்னாலிருந்து கத்தினார்.

எக. தெக. துன. குரல்கள் மூட்டத்துக்குள் ஒன்றன் பின் ஒன்றாக வந்தன. ஷியாமளா "அட்ட" என்றாள்.

அடுத்தது நமய. நமய என்றால் ஒன்பது.

பின்னாலிருந்து வந்தது நமய இல்லை.

"நம?"

ஒரு எழுத்துத்தான் குறைவு. நம என்றால் பெயர். உன் பெயர் என்ன என்று கேட்கிற மாதிரி, தடித்த, சளி கட்டின ஆண் குரல்.

முன்னால் நின்ற யோகேந்திரனுக்கு அது ஒன்பது மாதிரித்தான் கேட்டது. கேட்டதோ, கேட்க விரும்பினாரோ. "சரி, பத்து?" என்றார். பிரதீஷ் "தஹய" என்றான். "பத்தும் சரி. நடங்க!"

ஷியாமளாவுக்கு ஜெஸ்லா விளையாடுகிறாள் என்று தோன்றியது. காலையில் வழிகாட்டி சொன்னதைப் பிடித்துக்கொண்டு, குரலை மாற்றிப் பயங்காட்டுகிறாள். அவள் அப்படித்தானே. சிரித்துக்கொண்டே திரும்பி, வெள்ளைக்குள் சொன்னாள்.

"உன் பேரே உனக்கு மறந்து போச்சா? ஜெஸ்லா."

இலையிலிருந்து சொட்டுகிற தண்ணீர் மட்டும். பிறகு அந்தத் தடித்த குரல் அந்தப் பெயரைச் சொல்லிப் பார்த்தது. மெதுவாக, புதுச் சாப்பாட்டை நாக்கில் வைத்துப் பார்க்கிற மாதிரி. "ஜெஸ்... லா."

பிறகு, பாதைக்குக் கீழே, பள்ளத்துப் பக்கத்தில், இன்னொரு குரல் கூப்பிட்டது.

"ஜெஸ்லா, இங்க வா."

அது ஷியாமளாவின் குரல்.

அவளுக்குப் பின்னால், பிரதீஷுக்கும் பின்னால், இருபது அடி தள்ளி, எண்ணினதைக் கவனிக்காமல் குனிந்து காலில் சவர்க்காரம் தேய்த்துக்கொண்டிருந்த உண்மையான ஜெஸ்லா சந்தோஷமாகப் பதில் சொன்னாள். "இந்தா வாறேன், அக்கா!" சப்பாத்துச் சத்தம் பள்ளத்துப் பக்கம் இறங்கிப் போனது. ஷியாமளா கத்தினாள். மூட்டம் அந்தக் கத்தலைப் பஞ்சு மாதிரி உறிஞ்சிக்கொண்டது. முன்னால் ஓடி யோகேந்திரனின் சட்டையைப் பிடித்தாள். "சேர், ஒன்பது ஜெஸ்லா இல்ல! திரும்புங்க!" அவர் கையைத் தட்டிவிட்டார். "பத்து எண்ணியாச்சு. அவ பின்னால வாறா. இருட்ட முதல் இறங்கணும், நடடி!"

நடந்தாள். அதுதான் அவளுடைய பங்கு. பெயரையும் கொடுத்துவிட்டு, நடந்தும் வந்தாள்.

பத்து மணிக்கு மாடி ஹோல் நிறைந்திருந்தது. புரஜெக்டருக்காக யன்னல் சீலைகளை இழுத்து மூடியிருந்தார்கள். மேடையில் சுவரை ஒட்டி ஒரு வெள்ளைத் துணி தொங்கியது. துணிக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு முழம் இடைவெளிகூட இல்லை. துணியில் அந்த மலை, அந்த மூட்டம், ஆள் உயரத்துக்கு. முன்வரிசையில் பத்துக் கதிரை, மலையில் நடந்த அதே வரிசையில். முதல் கதிரை சேருக்கு. ஒன்பதாவது கதிரையில், கறுப்பு ஹபாயாவோடு, மடியில் கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, மஸூதா உம்மா.

"மகளின் இடத்தில் தாய்" என்று யோகேந்திரன் மைக்கில் சொன்னார். பின்னாலிருந்து யாரோ கைதட்டினார்கள்.

ஷியாமளாவின் பல் கிட்டியது. எழும்பப் போனாள். அப்போது மூக்கில் அந்த மணம் ஏறியது. அழுகிய இலை. பாசி. ஃபேன் சுற்றுகிற காற்றில், கராம்பு வாசனையைத் தள்ளிக்கொண்டு அது வந்தது. துணியிலிருந்த மூட்டம் அசைந்த மாதிரி இருந்தது. படம்தானே, என்று நினைத்தாள். படம் எப்படி அசையும்.

"முதலாவது பாடம், ஒழுங்கு" என்றார் அவர். "மூட்டத்துக்குள்ள நாங்க எப்படி எண்ணினோம்னு இப்போ காட்டப் போறோம். எண்ணினதாலதான் இன்னைக்கு இங்க உட்கார்ந்திருக்கோம்." மார்பைத் தட்டினார். "எக!"

"சேர், வேணாம்" என்றாள் ஷியாமளா.

"தெக." இரண்டாவது கதிரை.

"எண்ண வேணாம். நிப்பாட்டுங்க."

துன. ஹதர. யாரும் அவளைப் பார்க்கவில்லை. பஹ. ஹய. சிரித்துக்கொண்டே சொன்னார்கள். ஹத.

அவளுடைய முறை. அவள் வாயை இறுக்கி மூடிக்கொண்டாள். சொல்லாவிட்டால் நின்றுவிடும் என்று நினைத்தாள்.

"அட்ட" என்று அவளுடைய குரல் சொன்னது. அவள் சொல்லவில்லை.

பிறகு, ஒன்பதாவது கதிரைக்குப் பின்னால், மிக நெருக்கத்தில்.

"நம?"

காலையில் ஸ்டோரில் கேட்ட அதே குரல். இப்போது அவளுக்கு அது யாருடையது என்று தெரிந்தது. எப்படித் தெரியாமல் போனது? கன்டீன் அக்கா மாதிரி பேசிக் காட்டுகிற குரல். அட்டை வருது என்று கத்தின குரல். ஜெஸ்லாவின் குரல்.

மஸூதா உம்மாவின் கைப்பை கீழே விழுந்தது.

"மகள்?"

"நம?"

"யா அல்லாஹ்! எண்ட புள்ளட சத்தம்." அவர் எழும்பிவிட்டார். கண்ணில் தண்ணீர், முகமெல்லாம் சிரிப்பு. "நான்தான் மகள், உம்மாதான். பேரா கேக்கிறீங்க? உம்மாட பேரு மறந்துட்டா? உம்மாட பேரு மஸூ..."

ஷியாமளா பாய்ந்து அவருடைய வாயைப் பொத்தினாள்.

"சொல்லாதீங்க. உம்மா, சொல்லாதீங்க. அது அவ இல்ல."

உள்ளங்கையில் அந்தத் தாயின் மூச்சு சுட்டது. அவர் திமிறினார். மகளுக்குப் பதில் சொல்ல விடாமல் பிடிக்கிற கையைக் கடித்தார்.

"நம?" கொஞ்சம் பொறுமை இழந்து.

ஒரு பெயர் வேண்டும். கொடுக்கிற வரைக்கும் கேட்கும். கேட்டுக்கொண்டே இருக்கும். இந்தத் தாய் எத்தனை தடவை பதில் சொல்லாமல் இருப்பார்?

மேடையில் யோகேந்திரன் மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவருக்கு அது ஒன்பது மாதிரித்தான் கேட்டிருக்கும். இந்த முறையும். "நல்லது, ஒன்பது!" என்றார். "பார்த்தீங்களா, எண்ணிக்கை சரி."

எண்ணிக்கை சரியாம்.

மூன்று மாதக் கோபம் அவள் தொண்டைக்கு வந்தது. சூடாக. இனிப்பாக. அவள் திரும்பி வெறுங் காற்றைப் பார்த்தாள்.

"யோகேந்திரன்" என்றாள். தெளிவாக, ஒவ்வொரு எழுத்தாக. "பேர் யோகேந்திரன்."

ஃபேன் நின்றது.

ஜெஸ்லாவின் குரல் நாக்கில் வைத்துப் பார்த்தது. "யோ... கேந்... திரன்."

பிறகு துணிக்குப் பின்னாலிருந்து ஷியாமளாவின் குரல் கூப்பிட்டது. அன்பாக. "யோகேந்திரன் சேர், இங்க வாங்க."

"இந்தா வாறேன்" என்றார் அவர்.

மைக்கை மேசையில் வைத்தார். கழுத்துப்பட்டியைச் சரிசெய்தார். துணியின் ஓரத்தைத் தூக்கினார். உள்ளே போனார்.

ஒரு முழம் இடைவெளி. அதற்குப் பின்னால் சுவர்.

துணியில் அவருடைய நிழல் விழுந்தது. மூட்டத்துக்குள், பாதையில், முதுகு காட்டி நடக்கிற நிழல். ஆள் அளவு. பிறகு பிள்ளை அளவு. பிறகு விரல் அளவு. சப்பாத்துச் சத்தம் இறங்கி, இறங்கி, எங்கோ பள்ளத்தில்.

நின்றது.

துணியின் அடியிலிருந்து தண்ணீர் மேடைக்கு ஒழுகி வந்தது. அதில் அட்டைகள். பத்து, இருபது. எல்லாம் நிமிர்ந்து நின்றன. எல்லாம் முன்வரிசையைப் பார்த்தன.

மேசையில் மைக் இன்னும் வேலை செய்துகொண்டிருந்தது. அதற்குள் யாரோ மூச்சு விட்டார்கள். பிறகு யோகேந்திரனின் குரல், சிரித்த குரல், ஹோல் முழுக்க, எல்லா ஸ்பீக்கரிலும்.

"நம?"

ஷியாமளாவின் கை இன்னும் அந்தத் தாயின் வாயில்தான் இருந்தது. தன் வாயைப் பொத்த அவளுக்கு ஒரு கை மிச்சம் இருந்தது. மற்றவர்களின் வாயைப் பொத்த இல்லை.

பத்தாவது கதிரையில் பிரதீஷ் மெல்லத் தலையைத் திருப்பினான். பயந்த பையன். வேறொருவரின் பெயரைக் கொடுத்தால் கொடுத்தவரை அது விட்டுவிடும் என்று அவன் இப்போதுதான் கண்ணால் பார்த்திருந்தான். அவளிடமிருந்துதான் படித்தான். அவளை நேராகப் பார்த்தான். மன்னிப்புக் கேட்கிற மாதிரி.

அவனுடைய உதடு விரிந்தது. மேல்பல்லும் கீழ்ப்பல்லும் சேர்ந்தன. நடுவிலிருந்து காற்று கிளம்பியது.

"ஷி..."